அண்ணன் திருப்பி எடுத்துப்போன மைலோ டின்

எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டே காரணங்கள்தான்: பிள்ளை பிறக்க வேண்டும், இல்லை ஆள் போய்ச் சேர வேண்டும். நன்றாக இருக்கும் ஒருவன் தன் காலால் நடந்து, வெறும் வயிற்றோடு அங்கே போய் உட்காருவான் என்பதை எங்கள் சொந்த ஊரான நியாலாஸ் தோட்டப்புறத்தில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. அப்படிப் போய் உட்கார்ந்து கெட்டவன் நான்.

செங் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு முழு உடல் பரிசோதனை இலவசம் என்றார்கள். இலவசம் என்றதும் எனக்கு உடம்பின் மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது. (அதுவரை அதற்கு நான் செய்த ஒரே உபகாரம், படுத்து உறங்கியது.) முதல் நாள் இரவிலிருந்து வெறும் தண்ணீர்தான். காலையில் இரத்தம் எடுப்பார்கள், சிறுநீர் கேட்பார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டுவார்கள், மெஷினில் ஏற்றி ஓடவிடுவார்கள். கடைசியில் வயிற்று ஸ்கேன். அதற்கு மட்டும் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை.

பயந்தது என் மனைவி ராணி. தங்கா பத்துவில் எங்கள் வீட்டிலிருந்து, நியாலாஸில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டு, “அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு, ராத்திரியிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, ஒடம்பு பூரா பாக்குறாங்களாம், சாமிக்கு வேண்டிக்க” என்றிருக்கிறாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

தங்கை அதை அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்பா போனபிறகு என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். என் மகள் கல்யாணத்திலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டு, வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போனபோது அவர் வீட்டு கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பத்திரிகையைக் கேட்டில் செருகிவிட்டு வந்தேன். கரண்ட் பில்லைச் செருகுவதுபோல் செருகிவிட்டுப் போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார். கல்யாணத்துக்கு வரவில்லை. எனக்கும் கோபம்தான். ஆனாலும் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்குப் பழகவேயில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நான் ஸ்கேன் அறைக்கு வெளியே, முதுகுப்பக்கம் மூடாத ஆஸ்பத்திரி அங்கியில், வயிறு முட்டத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். தங்கை கையில் ஒரு பை ஆரஞ்சு. அண்ணன் கையில், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குக் கரைத்துக் கொடுக்க வாங்கிப்போகும் பெரிய மைலோ டின், சட்டைப்பையில் தோட்டத்து மாரியம்மன் கோயில் விபூதி. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுக்குடா தம்பி மறைச்ச? எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது?”

வெறும் செக்கப்தான் அண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் கையை விட்டுவிடுவார். மூடிக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. (அது எல்லாமே பாசம் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு எங்கே வேண்டுமானாலும் முட்டும்.) அதைப் பார்த்து அவரும் அழுதார்.

“அன்னைக்கு நான் வீட்டுக்குள்ளதான்டா இருந்தேன். நீ கூப்பிட்டது கேட்டுச்சு. மொதல்ல ஒன் மச்சான் வீட்டுக்குப் போயிட்டு எங்கிட்ட ரெண்டாவதா வந்தியேன்னு கோவம். வாசல் கேட்டை நான்தான் பூட்டுனேன்.”

இத்தனை வருஷம் நான் கேட்க ஏங்கிய வார்த்தை. கட்டிக்கொண்டு அழ வேண்டிய இடம். நான் என்ன செய்தேன்? கையை உதறிவிட்டு, அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினேன். மெஷினில்கூட அப்படி ஓடவில்லை.

திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தம்பிக்கு எத்தனை நாள் என்று அண்ணன் அங்கே நின்ற நர்ஸ் மிஸ்ஸியிடம் மலாய் மொழியில் கேட்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, நோய் ஒன்றும் இல்லை, கம்பெனி செக்கப், மத்தியானம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லிவிட்டாள்.

“அப்ப ஒனக்கு ஒண்ணும் இல்ல?” என்றார் அண்ணன்.

“இல்லண்ணே.”

“சாவப்போறவன்கிட்ட சொல்றேன்னு நெனச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீயும் பாத்துக்கிட்டே இருந்த.”

எழுந்தார். தங்கை கெஞ்சினாள். நான் அவர் பின்னாலேயே லிஃப்ட் வரை போனேன். அந்த அங்கியில் அதற்கு மேல் போக முடியவில்லை. மைலோ டின்னை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். ஆரஞ்சு தங்கையுடையது என்பதால் தப்பியது. ஸ்கேனுக்காக மறுபடியும் தண்ணீர் குடித்துவிட்டு, ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதயம் வாலிபனுக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்றார் டாக்டர். எனக்கு அவரை அறையலாம்போல் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் நான் தும்மினால் போதும், “ஆரஞ்சு லெவலாப்பா, மைலோ லெவலா?” என்பாள் மகள். தீபாவளிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ராணி இதை நடித்தே காட்டுகிறாள், அங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடுவது உட்பட. எல்லோரும் சிரிக்கிறார்கள். அண்ணன் மட்டும் வருவதில்லை. மெய்யாகவே படுத்தால் சொல்லச் சொல், வருகிறேன் என்று தங்கையிடம் சொல்லியனுப்பியதோடு சரி.

ஒவ்வொரு வருஷமும் செக்கப்புக்குப் போகிறேன். போன மாதமும் போனேன். எல்லாம் நார்மல் என்று டாக்டர் கை கொடுத்தார். வரும் வழியில் கடையில் நிறுத்தி, பெரிய மைலோ டின் ஒன்றை நானே வாங்கிக்கொண்டு வந்தேன்.