நம்பிக்கை வங்கிக்கு நேர்ந்த அவநம்பிக்கை

உலகில் இதுவரை நொடித்துப்போன வங்கிகளிலேயே மிகவும் கண்ணியமாக நொடித்துப்போனது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் கார்வர் ஃபோர்க் ஊரின் ‘நம்பிக்கை வங்கி’தான். ஊர்ப்பற்றினால் இதைச் சொல்லவில்லை. ஊரின் ஒரே வாரப் பத்திரிகைக்கு ஆசிரியன் என்ற முறையிலும், வங்கி நொடித்த காரணத்தைக் கண்டறிய அமைந்த ஐவர் குழுவின் செயலாளன் என்ற முறையிலும், முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். ஆண்டு 1904.

வங்கியின் பெட்டக அறைக்கு ஓர் இரும்புக் கதவு இருந்தது. எடை மூன்று டன். அது ரயிலில் வந்திறங்கிய அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். எட்டுக் குதிரைகள் இழுத்து வந்தன. கதவைப் பார்க்க நாற்பது மைலுக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எங்கள் ஊரில் நாகரிகமில்லை.

வங்கித் தலைவர் காசியஸ் விட்லாக் பேச ஆரம்பித்தால், பணம் போட வந்தவர்கள் கூடுதலாகப் போடுவார்கள். எடுக்க வந்தவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போவார்கள். ஊர்ப் பணத்தை அவர் ஒரு ரயில்பாதைத் திட்டத்தில் ‘முதலீடு’ செய்திருந்தார். அந்தப் பாதைக்கு நிலம் இல்லை, தண்டவாளம் இல்லை, ரயிலும் இல்லை. ஆனால் பங்குப் பத்திரங்கள் நான்கு வண்ணத்தில் அச்சாகியிருந்தன. விட்லாக்கின் காலர் எப்போதும் கஞ்சி விறைப்புடன் வெள்ளை வெளேரென்று நிற்கும். அதைப் பார்த்தாலே மனிதனுக்குத் தன் சேமிப்பைப் பற்றிய கவலை போய்விடும்.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தைக் கவிழ்த்தவள் போசெனா ஹவ்லிக் என்ற சலவைக்காரி. ஐரோப்பாவில் பொஹீமியாவிலிருந்து வந்தவள். கணவன் கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்த பிறகு, ஊரின் ஆறு பெரிய வீடுகளுக்குத் துணி வெளுத்து ஐந்து வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு டாலர் சேர்த்திருந்தாள். சொந்த ஊரில் அவளுடைய தங்கை இரண்டு சிறு பெண்களோடு ஆதரவின்றி நின்றாள். மூவருக்கும் கப்பல் சீட்டு எடுக்கத்தான் இந்தப் பணம். சீட்டுக்குப் போதுமான தொகை சேர்ந்தும், அவர்கள் வந்து தங்க ஒரு சிறு வீட்டுக்கும் சேர்த்துவிடலாம் என்று அடுத்த வசந்தம்வரை காத்திருப்பதாக இருந்தாள்.

அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை காலை அவள் வங்கிக்கு வந்தாள். விளம்பரக் கட்டணம் வாங்க நானும் அங்கே போயிருந்ததால் சரித்திரத்துக்குச் சாட்சியானேன்.

“என் காசு மொத்தத்தையும் எடுக்கணும்யா” என்றாள்.

“எதுக்கும்மா அவசரம்? இங்கயே கெடந்தா நூத்துக்கு ஆறு வட்டி” என்றார் விட்லாக்.

“ஆறு வேணாம்யா. நானூத்திப் பன்னெண்டு போதும்.”

“அப்போ இந்த வங்கி மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கைதான் வாசல்லயே பெருசா எழுதியிருக்கே. உள்ள காசு இருக்கான்னுதான் கேக்கறேன்.”

விட்லாக் பொறுமை இழக்கவில்லை. “விதி ஒண்ணு இருக்கும்மா. மொத்தமா எடுக்கணும்னா அறுபது நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுக்கணும்.”

“இது எப்பப் போட்ட விதி?”

“இப்பத்தான்.”

போசெனா கொஞ்சம் யோசித்தாள். “சரிங்கய்யா. எங்கிட்டயும் ஒரு விதி இருக்கு. உங்க பதினோரு சட்டையும் இருபது காலரும் என் வீட்டுல இருக்கு. திருப்பி எடுக்கணும்னா அறுபது நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடுங்க.”

“என்னது? எப்பப் போட்ட விதி இது?”

“இப்பத்தான்.”

விட்லாக் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். காலை உணவின் முட்டை மஞ்சள்கரு காலரிலிருந்து மூன்றாவது பொத்தான்வரை வழிந்திருந்தது. அன்று மாலை மூன்று மணிக்குத் தேவாலயக் கூடத்தில் பொதுக்கூட்டம். வங்கியைப் பற்றி எங்கிருந்தோ கிளம்பிய முணுமுணுப்பை அடக்க அவர்தான் பேசவேண்டும். இருநூறு விவசாயிகள் முன்னால் முட்டை வழிந்த சட்டையுடன் நின்று, ‘உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது’ என்று எந்த மேதையாலும் சொல்ல முடியாது.

மூன்று டன் கதவு முனகித் திறந்தது. காசாளர் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கொஞ்சம் தங்கக் காசு, கொஞ்சம் நோட்டு, கடைசி ஏழு டாலருக்குச் சில்லறை. போசெனா ஏப்ரனை விரித்து வாங்கி, இரண்டு முறை எண்ணிவிட்டுச் சொன்னாள்: “சட்டை ரெண்டு மணிக்கு வந்துடும்யா. கஞ்சி கொஞ்சம் தூக்கலாவே போட்டிருக்கேன்.”

கூட்டம் மாபெரும் வெற்றி. விட்லாக் பளபளவென்று ஒரு மணி நேரம் பேசினார். வங்கியின் மேல் ஊரார் ‘அசைக்க முடியாத நம்பிக்கை’ வைத்திருப்பதாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தின் நகல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் நுரையீரல் நலத்தை முன்னிட்டு ஐந்து மணி ரயிலில் கலிஃபோர்னியா போய்விட்டார். வியாழக்கிழமை வங்கி திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து அதே கூடத்தில் எங்கள் ஐவர் குழு கூடியது: மருத்துவர், வழக்கறிஞர், மாவு ஆலைக்காரர், தானிய வியாபாரி, நான். குழுவின் தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. போசெனா பணம் எடுக்கும்வரை வங்கி திறந்திருந்தது. எடுத்த மறுநாள் மூடிவிட்டது. ஆகவே வங்கி மூடக் காரணம் போசெனா. அந்தத் தொகையை அவள் திருப்பித் தரவேண்டும் என்று தீர்மானமும் தயாராக எழுதி வைத்திருந்தோம்.

ஊரே கொதித்துப்போயிருந்தது. கொல்லர் எல்பர்ட் கிரிம் எழுந்து அவளைப் பார்த்துக் கத்தினார்: “ஏம்மா, உனக்கு மட்டும் வந்தாப் போதுமா? நெலத்த வித்த காசும்மா என்னுது! முந்நூறு டாலர்! என் பொண்டாட்டி பத்து நாளா எங்கூடப் பேசல!”

போசெனா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சோடா காரத்தில் வெடித்த கைகளால் ஏப்ரன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

வழக்கறிஞர் தொண்டையைச் செருமினார். “வங்கிக்கு எதிரா யார் கெளப்புன வதந்தியைக் கேட்டும்மா நீ பணத்தை எடுத்தே?”

“வதந்தியாய்யா? நீங்க பேசற இங்கிலீஷே எனக்குப் பாதிதான் புரியும். தொவைக்கிறதுக்கு முன்னாடி பாக்கெட்டப் பாப்பேன். அவ்வளவுதான்.”

“பாக்கெட்டா?”

ஏப்ரனுக்குள் கைவிட்டு ஐந்து சிறு சீட்டுகளை எடுத்தாள். “வார்த்தை தெரியாது, நம்பர் தெரியும். அஞ்சு வீட்டுத் துணியிலயும் வங்கி முத்திரையோட சீட்டு. எல்லாம் ஒரே வாரத்துத் தேதி. டாக்டரய்யாவோடது மட்டும் நனஞ்சுபோச்சு. காயவெச்சு இஸ்திரி போட்டிருக்கேன்.”

அவை நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஆவணங்கள் என்று மருத்துவர் உடனே ‘தீர்ப்பு’ வழங்கினார். அதற்குள் கிரிம், பணம் எடுத்ததற்கு வங்கி கொடுத்த அந்தச் சீட்டுகளை வாங்கி உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தார். மருத்துவர், திங்கட்கிழமை, இரண்டாயிரம். வழக்கறிஞர், திங்கட்கிழமை, ஆயிரத்து நானூறு. ஆலைக்காரர், செவ்வாய், மூவாயிரம். தானிய வியாபாரி, அன்றைக்கே, ஆயிரத்து எண்ணூறு. ஐந்தாவது சீட்டில் அவர் நின்றார். என்னைப் பார்த்தார்.

“தொள்ளாயிரம். வெள்ளிக்கிழமை. எடிட்டர் சார், ‘நம் வங்கியை நம்புவோம்’னு நீங்க எழுதினது அந்த வாரம் புதன்கிழமைதானே? அதப் படிச்சுட்டுத்தான் வியாழக்கிழமை என் முந்நூறைக் கொண்டுபோய்ப் போட்டேன்.”

கிரிம் போசெனா பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றிக்கொண்டார். “மன்னிச்சுக்கோம்மா. தப்பான ஆளத் திட்டிட்டேன்.”

“பரவால்லண்ணே” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் ஊரார் எங்கள் ஐவர் வீட்டுக்கும் மரியாதை நிமித்தம் வந்தார்கள். சிலர் மண்வெட்டியும் எடுத்து வந்திருந்தார்கள். எடுத்த பணத்தை நாங்கள் ‘மனமுவந்து’ திருப்பிக் கொடுத்தோம். ஊராருக்கு ஆளுக்குப் பாதிப் பணமாவது கிடைத்தது. போசெனாவின் தங்கையும் பெண்களும் ஏப்ரலில் வந்து சேர்ந்தார்கள்.

விட்லாக்கைப் பலர் இன்றும் ஏசுகிறார்கள். என்னால் முடியாது. மருத்துவர் பணம் எடுத்த அந்தத் திங்கட்கிழமை நானும் என் பணத்தைக் கேட்டுப் போயிருந்தேன். “மத்தவங்களுக்கு எடுத்துவெச்சது போக, உங்களுக்கு முந்நூறு குறையுது எடிட்டர் சார். நம்பிக்கையைப் பத்தி நல்லதா ஒரு தலையங்கம் எழுதுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும்” என்றார். நாற்பது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்துக்குச் சொன்ன தொகை சொன்ன நாளில் வந்து சேர்ந்தது அந்த ஒரே ஒரு முறைதான்.