மாமனாருக்கு ஏற்ற உலோகம்

கைக்குட்டை முடிச்சை மாமியார் மேசைமேல் வைத்ததுமே, பல்செட் செய்யும் மருமகன் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தான்.

"மறுபடியுமா, அத்தை?"

"மறுபடியும்தான், மாப்பிள்ளை."

அவிழ்த்தான். அவனே வார்த்துக் கொடுத்த மாமனாரின் பல்செட். அதைப் பக்கத்துப் பல்லோடு பிடித்து நிறுத்தும் கொக்கி முறிந்திருந்தது. முதலில் நிக்கல் குரோமியத்தில் செய்தான். பத்து நாள் தாங்கவில்லை. இது கோபால்ட் குரோமியம்; இருபது நாள். முறிந்த இடத்தில் வரிவரியாகத் தடம் வேறு.

"மாமா அப்படி என்னத்தைத்தான் கடிக்கிறார்?"

"வாழைப்பழம்தான்."

பல் இல்லாமல் வாயைத் திறப்பது மாமனாருக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் தீர்ப்பைச் சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்: 'இன்னொரு முறை உடைந்தால், பல் செய்யும் வேலையை விட்டுவிட்டு என் இரும்புக் கடைக்கு வந்து ஆணி நிறுக்கவும்.'

மனைவி சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "நாள் பூரா அப்பா பக்கத்துல உட்கார்ந்துடுவீங்களா? அந்தப் பேச்சுக்குப் பயந்துதானே நான் சட்டுனு கல்யாணத்துக்குச் சம்மதிச்சேன்!"

மறுநாள், வேலை பார்க்கும் பல் ஆய்வகத்தில் மூன்று உலோகக் கலவைகளில், ஒரே தடிமனில், விரல் நீளக் கம்பிகளை வார்த்து அழுத்தும் இயந்திரத்தில் வைத்தான். நிக்கல் குரோமியம் சீக்கிரமே வளைந்து படுத்துவிட்டது. கோபால்ட் குரோமியம் வெகுநேரம் விறைப்பாக நின்று, 'டக்'கென்று முறிந்தது. டைட்டானியக் கலவையோ அதற்கு மேலும் தாங்கியது. வளைந்து கொடுத்து, விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "யாருக்குய்யா இந்தப் பல்லு? முதலைக்கா?"

"மாமனாருக்கு, சார்."

"அப்ப இன்னொரு தடவை சோதிச்சிடு."

டைட்டானியப் பல்செட் மாட்டி ஒரு மாதம் ஆயிற்று. அசையவில்லை. மாமனார் தினமும் மாலையில் அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கதவுக் கீல் விற்ற கதையிலிருந்து மகள் துண்டு மடிக்கும் லட்சணம்வரை பேசித் தீர்த்தார். கிளம்பும்போது ஒருநாள், "மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான்" என்றுகூடச் சொல்லிவிட்டார். அன்றிரவு அவன் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த நாள் காலை, ஆய்வகத்துக்கு மாமியார் வந்தார். கையில் அதே கைக்குட்டை முடிச்சு.

அவனுக்குக் கண்முன் ஆணிமூட்டைகள் வந்து நின்றன. முடிச்சை அவிழ்த்தான். உள்ளே பல்செட் இல்லை; மூக்கு உடைந்த ஒரு குறடு.

"இது என்ன, அத்தை?"

மாமியார் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம கடையிலேயே கெட்டியான குறடு இதுதான், மாப்பிள்ளை. உங்க புதுக் கொக்கிகிட்ட இதுவே உடைஞ்சுபோச்சு. இனிமே பழைய உலோகத்துலயே பண்ணிக் குடுங்க, மாசத்துல நாலு நாளாவது வீடு அமைதியா இருக்கட்டும்!"