நானே கேட்டு வாங்கிய ஸ்பார்க்கன்

என்னை யாரும் பதவியிலிருந்து நீக்கவில்லை. நீக்கப் போகிறார்கள் என்று நானே முடிவுகட்டி, நீக்க நினைக்காதவர்களை எல்லாம் திட்டி இரண்டரைப் பக்கக் கடிதம் எழுதி, அதைச் சபையில் எழுந்து நின்று வாசித்து, என்னை நானே நீக்கிக்கொண்டேன். ஒஸ்லோவில் இந்தச் சாதனையைச் செய்த வேறு தமிழர் இருந்தால் சந்திக்க ஆவலாயிருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ரொம்சோஸ், அம்மருட் பக்கத்துத் தமிழர் சிலர் சேர்ந்து ஒரு பேஸ்பால் அணி வைத்திருந்தோம். ஊரில் எல்லே என்ற மட்டைப்பந்து விளையாடிய துணிவுதான். (எல்லேயில் பந்தை எங்கள் ஆளே எங்களுக்குப் போடுவான். பேஸ்பாலில் எதிரி போடுகிறான். இந்தச் சிறு வேறுபாட்டால் அந்த ஆண்டு ஏழு ஆட்டங்களில் தோற்றோம்.) நான் அணியின் முகாமையாளர். மட்டைகளும் கையுறைகளும் என் வான் வண்டியில்தான் போகும், வரும். வேலை செய்யும் பேக்கரியில் நான் பாண் அடுக்குகிற எத்தனையோ பேரில் ஒருவன். மைதானத்தில் மட்டும் 'மனேச்சர்'. மனிதனுக்கு அப்படி ஒரு இடம் தேவைப்படுகிறது.

அந்த இலையுதிர்காலத்தில், அமெரிக்காவில் ஒரு தொழில்முறை அணி தன் முகாமையாளரை வீட்டுக்கு அனுப்பிய செய்தியை இணையத்தில் வாசித்தேன். நீக்குவதற்கு நாலு நாள் முன்னர் அணி உரிமையாளர், "அவரில் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது" என்று அறிக்கை விட்டாராம். அங்கே அதுதான் வழக்கமாம். முழு நம்பிக்கை வந்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்த நாளே எங்கள் கழகத் தலைவர் குகன் என் தோளில் கைபோட்டார்.

"அண்ணை, தோல்வியை யோசிக்காதேங்கோ. உங்களிலை எங்களுக்கு முழு நம்பிக்கை."

நான் மனதுக்குள் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன்.

அதன்பிறகு எங்கும் தடயங்கள். நான் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. பந்து பிடிக்கிற நிரூஷன் (நோர்வேயில் பிறந்த பிள்ளை, இருபத்திரண்டு வயது) காரணமே இல்லாமல், "அங்கிள், உங்கட உயரம் எவ்வளவு?" என்று கேட்டான். உயரம் கேட்கிறவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் கடவுச்சீட்டுக் கந்தோரில் இருப்பார். மற்றவர் சவப்பெட்டி செய்வார்.

வியாழக்கிழமை குரோருட்டில் நாங்கள் பயிற்சி செய்யும் மண்டபத்தின் வாசலில் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிரூஷன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தான்.

"ஓமோம், சனிக்கிழமை கூட்டத்திலைதான் மனேச்சர் அங்கிளுக்கு ஸ்பார்க்கன் குடுக்கிறம். ராஜி அன்ரிக்குத் தெரியும். அவவும் ஓமெண்டிட்டா."

நோர்வே மொழியில் ஒருவருக்கு ஸ்பார்க்கன் கொடுத்தார்கள் என்றால், வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று பொருள். நேரடியாகச் சொன்னால் உதை. நான் அகராதி பார்க்காமலே கற்ற நோர்வேச் சொல் அது. வந்த புதிதில் ஒரு விடுதிக்காரர் நடைமுறையில் கற்பித்தார். ஆனால் ராஜி? என் சொந்த மனைவி?

வீட்டுக்குப் போய் மெதுவாக ஆழம் பார்த்தேன்.

"சனிக்கிழமைக் கூட்டத்திலை ஏதும் விசேசமோ?"

"ஒண்டுமில்லையே. அந்த நீலச் சேட்டைப் போடுங்கோ. படம் எடுப்பினம்."

வெட்டக் கொண்டுபோகிற ஆட்டை அலங்கரிப்பது கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் படமும் எடுப்பார்கள் என்று அன்றுதான் அறிந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கடிதம் எழுதினேன். குகன் தன் மச்சானை என் இடத்தில் வைக்கப் பார்க்கிறார் என்றேன். (அவருக்கு மச்சான் இல்லை என்று பிறகு தெரிந்தது.) நிரூஷன் வேண்டுமென்றே பந்துகளைத் தவறவிட்டான் என்றேன். 'வீட்டுக்குள்ளேயே விலைபோனவர்கள்' என்று ஒரு வரி, பெயர் போடாமல். கடைசி வரியை மூன்று தரம் திருத்தினேன்: 'நீங்கள் உதைக்கும் முன்னர் நானே எழுந்து போகிறேன்.'

சனிக்கிழமை பொதுக்கூட்டம். தேநீரும் கட்லட்டும் முடிய, குகன் எழுந்து, "இப்ப எங்கட மனேச்சருக்கு ஒரு முக்கியமான…" என்று தொடங்கினார்.

"இருங்கோ தம்பி. நான் முந்திக்கொள்ளுறன்."

நீலச் சேட்டோடு எழுந்து வாசித்தேன். நல்ல குரல் எனக்கு. எல்லோரும் வாயைப் பிளந்து என்னையே பார்த்தார்கள். என் தமிழில் சொக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். முன்வரிசையில் ராஜி மட்டும், "என்னப்பா, இருங்கோவன், என்னப்பா" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். விலைபோனவள் பதறுகிறாள் என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

உதை வரியை முடிக்கவும் பின்பக்கத்து அறைக் கதவு திறந்தது. கொடுத்த வேலையை மறக்காத நிரூஷன், சிவப்பு நாடா கட்டிய ஒரு பொருளைத் தரையில் கிரீச்சென்று உரசத் தள்ளிக்கொண்டு வந்தான். முன்னுக்கு ஒரு சின்னக் கதிரை, கீழே இரண்டு நீண்ட இரும்புச் சறுக்குகள், பின்னுக்குப் பிடித்துக்கொள்ளக் கைபிடி. பனிக்காலத்தில் எங்கள் ரொம்சோஸ் மேட்டில் முதியவர்கள் காலால் உந்தி ஓட்டிப்போகிற வண்டி. எங்கள் வீட்டில் அதற்குக் 'கதிரை வண்டி' என்று பெயர். நோர்வேக்காரருக்கு அதன் பெயர் ஸ்பார்க். குறிப்பிட்ட ஒன்றைச் சொன்னால், ஸ்பார்க்கன்.

முந்திய குளிர்காலத்தில் ரொம்சோஸ் நிலையத்துக்கு நடந்து போகையில் பனிக்கட்டியில் வழுக்கி, ஆறு கிழமை கையில் கட்டோடு திரிந்தவன் நான். கதிரையில் ஒரு வாழ்த்து அட்டை தொங்கியது. நோர்வேயில் பிறந்த கையெழுத்து: 'மனேச்சர் அங்கிள் இனி விளவேண்டாம்.' கைபிடி என் உயரத்துக்கு அளவாக இருந்தது.

"அங்கிள்," என்றான் நிரூஷன், "நான் வேணுமெண்டு விடேல்லை. எனக்குப் பிடிக்கத்தான் தெரியேல்லை."

நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் பார்த்தேன். குகன் பெருந்தன்மையாக, "விடுங்கோ, அண்ணை பகிடிக்கு வாசிச்சவர்" என்றார். ஆனால் செயலாளர் சுகந்தி பேனையை மூடவில்லை. நோர்வேக்காரரிடம் கூட்டக் குறிப்பு எழுதக் கற்றவர் அவர்.

"பொதுக்கூட்டத்திலை வாசிச்ச ராஜினாமா. குறிப்பிலை ஏறிட்டுது அண்ணை. இனி அடுத்த வருசப் பொதுக்கூட்டத்திலைதான் கதைக்கலாம்."

என் வானிலிருந்து மட்டைப் பைகளை இறக்கினார்கள். அந்த இடத்தில் கதிரை வண்டியை ஏற்றினார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது ராஜி, "விலைபோனவ வந்திட்டா. கதவைத் திறவுங்கோ" என்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அழைப்பு மணி அடித்து நான் "ஆர்?" என்று கேட்டால், வெளியிலிருந்து வருகிற பதில் அதுதான். பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள்.

அடுத்த கோடை முடிவில் நிரூஷனை ரயிலில் கண்டேன். முன்னைவிட இரண்டு ஆட்டம் கூடுதலாக வென்றிருக்கிறார்கள் என்றான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டேன்:

"என்ரை இடத்துக்கு ஆரைப் போட்டனீங்கள்?"

"ஒருத்தரையும் போடேல்லை அங்கிள். தேடினனாங்கள்தான். வான் வைச்சிருக்கிற ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லை."