உப்பிய ரொட்டியைக் கிழிக்கப் புகுந்த படலம்

வாழ்க, மின்தூக்கி பழுதுநீக்கும் பெருந்தகை! பதினேழு மாடி, இருபது மாடி என்று விண்ணை முட்டி நிற்கும் மாளிகைகளின் அடிக்குழியிலே, கம்பிவடமும் கறுத்த கிரீசுமே உற்ற துணையாக இருபத்திரண்டு ஆண்டுகள் நின்று, ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் கீழேயே இருந்த பொறுமைமலை வாழ்க! அவர்தம் ஸ்பேனர் வாழ்க! முழங்காலில் நைந்து, மனைவியாரால் இருமுறை ஒட்டுப்போடப்பெற்ற நீலக் காற்சட்டை வாழ்க! இத்தகைய வீரர் ஒரு சனிக்கிழமை மாலை ஆறேகால் மணிக்குத் துருக்கி உணவுக் கடை ஒன்றிலே ஒரு ரொட்டியை முன்னிட்டு ஆற்றிய பெரும்போரைச் சொல்லப் புகுகின்றோம். கேட்போர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பீராக.

செங்கல் அடுப்பின் வாய்க்குள்ளே குடியிருக்கும் அனலே, நீயே எமக்குத் துணை. வட்டித்த மாவை ஊதிப் பெருக்கும் உன் ஆற்றல் எம் உரையையும் ஊதிப் பெருக்கட்டும். கருகாமல் மட்டும் பார்த்துக்கொள்.

முதற்கண் போரின் காரணம் கூறுவோம். நம் தலைவர் தம் வாழ்நாளில் எதையும் முதல் ஆளாகச் செய்தவரல்லர். பிறந்த வீட்டில் ஐந்தாம் பிள்ளை. அண்ணன்மார் நால்வர் தோளேறி இறங்கிய சட்டையே அவர் தோளில் ஏறியது. புதிய மின்தூக்கியைப் பூட்டி, எண்ணெய் வார்த்து, ஏற்றி இறக்கிச் சோதித்து அவர் விலகி நின்றபின், திறப்பு நாளன்று எவரோ ஒருவர் காரிலிருந்து இறங்கி, நாடாவை வெட்டி, பொத்தானை அழுத்தி, அதில் முதன்முதலாகப் பயணம் செய்தவர் என்ற புகழோடு கைதட்டல் பெறுவார். நம்மவர் முந்தின நாள் நாற்பது முறை போய்வந்தது கணக்கில் வராது. இதற்காக அவர் ஒருபோதும் முகம் கோணியவரில்லை. ஆனால் உப்பிய ரொட்டி விஷயத்தில் அவர் மனம் கோணியது.

அந்தக் கடை சலவைக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே, பேருந்தில் இருவருக்கிடையே மூன்றாவதாக உட்கார்ந்தவரைப்போல் ஒடுங்கியிருப்பது. மேசைகள் எட்டு. எட்டின்மேலும் ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சிடும் பிளாஸ்டிக் விரிப்பு. சுவரிலே வெயில்பட்டு வெளிறி, இறைச்சியும் கத்தரிக்காயும் ஒரே நீலமாகிப்போன உணவுப் படங்கள். பின்கோடியில் கைகழுவ ஒற்றைத் தொட்டி. ஆடம்பரம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆயினும் அங்கே உட்கார்ந்தவர்க்கு, கேளாமலே, விலை கூறாமலே, அடுப்பிலிருந்து நேரே வந்திறங்கும் ஒரு ரொட்டி உண்டு.

அதன் பெருமையை எங்ஙனம் உரைப்போம்! உள்ளே அடைபட்ட ஆவியால் விம்மி, தலையணைபோல் பருத்து, மேனியெங்கும் எள்ளும் கருஞ்சீரகமும் பொட்டிட்டு, பொன்னிறமும் பழுப்புமாய்ப் பூரித்து வரும் அந்த உருண்டுதிரண்ட பேரழகின் ஆயுட்காலம் மூன்று நிமிடம். அதற்குள் ஒரு கை துணிந்து அதன் நுனியைப் பற்றிக் கிழிக்குமாயின், புஸ்ஸென்று வெண்புகை சீறியெழும். மேசையைச் சுற்றியிருப்போர் கண்ணாடியெல்லாம் மங்கும். கிழித்தவர் அக்கணம் அரசர். கிழிப்பாரின்றி நின்றாலோ, அது தானே மூச்சுவிட்டுச் சப்பையாகிவிடும்.

பதினொரு சனிக்கிழமைகள் அந்த ரொட்டி நம் தலைவர் மேசைக்கு வந்தது. பதினொரு முறையும் அதைக் கிழித்தவன் அவர் மைத்துனன்.

மைத்துனன் யாரெனில், கைப்பேசி பழுதுபார்க்கும் கலையில் வல்லவன். கடுகினும் சிறிய திருகாணியைக் கண்ணிமைக்குமுன் கழற்றிப் பூட்டும் மின்னல்விரலோன். வாடகை வீடு கிடைக்கும்வரை என்று சொல்லி ஒரு பையோடு அக்காள் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகியும் அந்தப் பையின் ஜிப்பை முழுதும் திறவாத நம்பிக்கைச் செம்மல். கெட்டவனல்லன். அத்தான்மேல் உயிரையே வைத்திருப்பவன். ரொட்டி மேசையைத் தொடுமுன் அவன் விரல் ரொட்டியைத் தொட்டுவிடும், அவ்வளவுதான்.

தலைவருக்கு அதைத் தாமும் ஒருமுறை கிழிக்கவேண்டுமென்று ஆசை. நாற்பத்தொன்பது வயது மனிதர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஆசையா அது? மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், சிரித்துவிட்டுத் தம்பியிடமும் சொல்வாள், அவன் அடுத்த வாரம் ரொட்டியை நகர்த்தி வைத்து, "அத்தான், நீங்களே கிழிங்க" என்பான். விட்டுக்கொடுத்து வாங்குவது வெற்றியாகுமா? ஆகாது. ஆகவே அவர் மௌனமாகப் போர்க்கோலம் பூண்டார்.

பன்னிரண்டாம் சனிக்கிழமை வந்தது. நகம் வெட்டி, கிரீஸ் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் போக்கி, அடுப்பிலிருந்து வரும் வழியை ஆராய்ந்து, ரொட்டி எப்பக்கம் வந்தாலும் தம் வலக்கைக்கே வாய்க்கும்படியான மூலை நாற்காலியை உடன்வந்த மனைவியாரும் மைத்துனனும் உட்காருமுன்பே கைப்பற்றினார். வேண்டிய உணவைச் சொல்லியாயிற்று. அப்பொழுது விதி, எவ்வளவு நாள்தான் சும்மா இருப்பது என்று எண்ணியதுபோலும், மைத்துனன் சட்டைப்பையில் மணியாய் ஒலித்தது. கைப்பேசிப் பூட்டைத் திறக்கும் எண்ணை மறந்த வாடிக்கையாளர் ஒருவரின் ஓலம் அது. "ஒரு நிமிஷம் அத்தான்" என்று அவன் வாசலுக்கு வெளியே போனான். திரைச்சீலை தைத்துச் சுண்ணக்கோடு படிந்த கைகளைக் கழுவ மனைவியாரும் எழுந்து பின்கோடிக்குப் போனார். அங்கே தொட்டியின்முன் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் வரிசை கட்டி நின்றார்கள்.

அந்த வேளையிலன்றோ ரொட்டி வந்தது!

ஏந்தி வந்தவர் அடுப்படி வேந்தர்: புருவம்வரை மாவு படிந்தவர், மார்பளவு உயரமுள்ள மரத்துடுப்பை வேல்போல் தாங்கியவர், மீசையால் பேசுபவர். வைத்துவிட்டு விலகி நின்றார். மேசையில் தலைவரும் ரொட்டியும் தவிர எவருமில்லை. எதிரி களத்திலேயே இல்லை. வலக்கை எழுந்தது. எழுந்த கை, ரொட்டிக்கு ஒரு சாண் தொலைவிலே, கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதியதுபோல் நின்றது.

நின்றது ஏன்? கேளீர். இரண்டு ஆண்டுகளுக்குமுன், பையோடு வந்த மைத்துனன் அடுப்பங்கரையில் நின்றபடியே சட்டியிலிருந்து எடுத்து உண்ணக் கண்டு, சினந்தெழுந்து, கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை மேசைமேல் ஓங்கி வைத்து நம் தலைவர் முழங்கிய ஆணை ஒன்று உண்டு:

"எல்லாரும் வந்து உட்கார்ந்தப்புறம்தான் சாப்பாட்டுல கை வைக்கணும். அது யாரா இருந்தாலும் சரி. நானா இருந்தாலும் சரி!"

அந்தக் கடைசிச் சொற்றொடரை அவர் சேர்த்திருக்கவே வேண்டியதில்லை. ஓசைநயம் கருதிச் சேர்த்தார். மைத்துனனோ அன்றுமுதல் அந்த ஆணையை எள்ளளவும் மீறியவனல்லன். அனைவரும் அமர்ந்த அடுத்த நொடியில் பாய்வதே அவன் வழக்கம்.

இங்ஙனம் ஒருபுறம் ஆசை இழுக்க, மறுபுறம் தாம் இட்ட ஆணையே தம் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த, நம் வீரர் தவித்தார். வாசற்கண்ணாடி வழியே மைத்துனனைப் பார்த்துக் கையசைத்தார். அவனும் மகிழ்ச்சியோடு கையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். பின்கோடியைப் பார்த்தார், மூன்று பிள்ளைகளில் முதற்பிள்ளை சோப்பு நுரையில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ரொட்டியைப் பார்த்தார். அதன் தோளில் சிறு சுருக்கம் ஒன்று விழுந்திருந்தது. பிறகு இடுப்பில் ஒன்று. பிறகு, கோட்டைமதில் சரிந்தாற்போல, ஓசையில்லாமல், மெல்ல, மிக மெல்ல, அது தட்டோடு தட்டாகப் படுத்தது.

அடுப்படி வேந்தர் இதைக் கண்டார். அவர் மீசை தாழ்ந்தது. ரொட்டி பிடிக்கவில்லைபோலும் என்று எண்ணி, வாய்திறவாமல் அதை எடுத்துக்கொண்டு போய், முன்னதினும் பெரிதாய், எள் இருமடங்காய், இன்னொன்று கொண்டுவந்து வைத்தார். இம்முறை அகலவில்லை. தலைவர் முகத்தையே பார்த்து நின்றார். நம்மவர் புன்னகைத்தார். அவரும் புன்னகைத்தார். நம்மவர் வாசலைச் சுட்டி, தொட்டியைச் சுட்டி, விரல்களால் இருவர் என்று காட்டி, உள்ளங்கையால் பொறுக்கும்படி வேண்டினார். அடுப்படி வேந்தர் அதைக் கூர்ந்து நோக்கி, மொத்தம் இரண்டு ரொட்டி வேண்டும் என்று உணர்ந்து, விரைந்து அடுப்புக்கு ஏகினார். இரண்டாம் ரொட்டியும் தலைவர் கண்முன்னே ஆவி நீத்தது. அதைக் காணப் பொறாது அவர் உப்புப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வரும்போல் இருந்தது.

மனைவியார் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்தமர்ந்தார். "ஏங்க, ரொட்டி ஆறிப்போச்சே. சாப்பிட வேண்டியதுதானே?"

"அவன் வரட்டும்."

"அவன் வருவான். நீங்க ஆரம்பிங்க."

"முறைன்னா முறைதான்!" என்று தலைவர் இடிபோல் முழங்க, அடுத்த மேசையில் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு உங்களைக் கேட்டா இப்போ? எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?" என்றார் மனைவியார். இருபத்தோராண்டு மணவாழ்வில் மின்தூக்கிக் குழிக்குள் விழுந்த நாளில்கூடத் தலைவர் அப்படிக் கத்தியதில்லை.

அப்பொழுது அடுப்பின் வாய் சிவந்தது. அடுப்படி வேந்தர் துடுப்பை நீட்டினார். உள்ளிருந்து மூன்றாம் ரொட்டி, முன்னிரண்டும் தம்பிமாரென்று சொல்லத்தக்க பேருருவோடு, பிஞ்சுக் குழந்தையொன்றைப் படுக்கவைக்கும் அகலத்தோடு, விம்மி விம்மி வெளிவந்தது. அதே நொடியில் வாசற்கதவு திறந்தது. மைத்துனன்! "சாரி அத்தான், அவருக்குத் தன் பிறந்த தேதியே ஞாபகம் இல்ல" என்று சொல்லியபடி அவன் எட்டு மேசைகளுக்கிடையே வளைந்து நெளிந்து வருகின்றான். அடுப்படியிலிருந்து ரொட்டி வருகின்றது. அவன் நான்காம் மேசையைக் கடக்கின்றான். ரொட்டி ஆறாம் மேசையைக் கடக்கின்றது. இரண்டும் ஒருங்கே வந்து சேரும் அந்த முகூர்த்தத்தை, அடிக்குழியில் நின்று மேலிருந்து இறங்கும் பெட்டியின் வேகத்தைக் காதாலேயே அளக்கும் நம் தலைவர், மூச்சை அடக்கி, எண்ணி, அளந்து காத்திருந்தார்.

மைத்துனன் நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று! ஆணை நிறைவேறியது, அறம் தழைத்தது, தடைகளெல்லாம் தவிடுபொடியாயின. ரொட்டி இறங்குகிறது. மின்னல்விரலோன் விரல்கள் எழுந்தன. ஆனால் அன்று, ஆம் அன்று மட்டும், கைப்பேசி இன்னும் அவன் வலக்கையில் இருந்தது! அதை இடக்கைக்கு மாற்ற அவனுக்கு அரை நொடி வேண்டும். ஐந்தாம் பிள்ளையாய்ப் பிறந்ததும், அண்ணன்மார் சட்டையில் வளர்ந்ததும், நாற்பது முறை சோதித்த பெட்டியில் நாற்பத்தோராம் முறை எவரோ கைதட்டல் வாங்கியதும், பதினொரு சனிக்கிழமைகள் ஆறிய துண்டைத் தயிரில் தோய்த்துத் தின்றதும் ஆகிய அத்தனையையும் அந்த அரை நொடிக்குள் திரட்டி, இருக்கையினின்றும் பாதி எழுந்து, தோளை முன்தள்ளி, எலுமிச்சை மணக்கும் வலக்கையை வானளாவ ஓங்கி, இதோ, இதோ, நம் தலைவர் ஐவிரலும் விரியப் பாய்ந்தார்!

இந்த மேசை இரண்டு ரொட்டிகளைச் சாகவிட்டதைத் தம் கண்ணால் பார்த்துவிட்ட அடுப்படிக்காரர், பாவம் இவர்களுக்கு எப்படிச் சாப்பிடுவதென்று தெரியவில்லை என்று முடிவுகட்டி, தட்டு மேசையில் பட்டதும் தாமே இரு கையாலும் ரொட்டியைப் பிடித்து நடுவாகக் கிழித்துக் காட்டினார். புஸ்ஸென்று புகை எழுந்தது. பக்கத்து மேசைகளும் பார்க்கும்படி, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல், இப்படிப் பிடி, இப்படி இழு, பயப்படாதே என்று இன்னும் ஒருமுறை பொறுமையாகக் கிழித்துக் காட்டினார். பிறகு அந்தரத்தில் நின்றுபோன தலைவரின் கையைக் கண்டு, முதல் துண்டை அந்தக் கையிலேயே வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்துப் போனார்.

"பரவாயில்லையே, உங்களுக்குத்தான் முதல்ல கொடுத்தாரு" என்றார் மனைவியார்.

பசித்ததால் தலைவர் அதைச் சாப்பிட்டார்.