பாயிண்ட் நைன் ஃபைவ் ராய்ஸ்டன்

கேமரா வைத்திருப்பவர்களில் படம் எடுப்பவர்கள் ஓர் இனம், லென்ஸ் வாங்குபவர்கள் வேறோர் இனம். இந்த இரண்டாம் இனத்துக்குள் ஓர் உட்பிரிவு உண்டு, வாசகர்களே. விலையும் குறைவாக இருக்க வேண்டும், இருட்டையும் பகலாக்க வேண்டும் என்று அலைகிற வெளிச்சப் பித்தர்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அவர்களுக்கு ஒரு தலைவர் வேண்டுமென்றால், அம்பாங்கானில் குடியிருக்கும் ராய்ஸ்டனுக்குப் போட்டியே கிடையாது.

சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலைக்குப் போகும் பஸ்ஸில் லென்ஸ் வீடியோ, மத்தியானம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு லென்ஸ் வீடியோ, தூக்கம் வரும்வரை லென்ஸ் வீடியோ. செங்கல் சுவரைப் படமெடுத்து ஓரம் தெளிவா, நடு தெளிவா என்று ஆராய்கிற முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களின் நாய்க்குட்டி பெயர்கூட அவனுக்கு அத்துப்படி.

இப்படி ஆராய்ந்து ஆராய்ந்து, ஒரு வழியாக ஒன்றைப் பிடித்தான். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. வளையத்தைக் கையால் திருப்பித்தான் தெளிவு பிடிக்க வேண்டும். ஆனால் லென்ஸின் திறப்பு பாயிண்ட் நைன் ஃபைவ்! இந்த எண் குறையக் குறைய உள்ளே விழும் வெளிச்சம் கூடும். பெரிய கம்பெனிக்காரன் இதே வெளிச்சத்துக்குக் கேட்கிற விலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிவிடலாம்.

"கண்ணு பார்க்காததகூட இது பார்க்கும் லா" என்று கேட்டவர்களிடமும் சொன்னான், கேட்காதவர்களிடமும் சொன்னான்.

ஒரே ஒரு சிக்கல். அவ்வளவு அகலமாகத் திறந்தால் விரற்கடை ஆழம்தான் தெளிவாக விழும். இமை தெளிந்தால் காது கலங்கிவிடும். திறப்பைக் கொஞ்சம் சுருக்கினால் தீர்ந்தது. சுருக்குவானா?

"பாயிண்ட் நைன் ஃபைவுக்குக் காசு குடுத்துட்டு எவனாச்சும் டூ பாயிண்ட் எய்ட்ல எடுப்பானா?"

இப்படியிருக்கையில் தங்கை ஆட்ரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வசந்தனுக்கு லுக்குட்டில் மோட்டார் பட்டறை. அவனுடைய அம்மா மயிலம்மாள், சர்ச்சில் கல்யாணம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். ஆட்ரி அந்த வீட்டுக்கு நடையாய் நடந்து, கெஞ்சி, பாத்திரம் கழுவி, சீரியல் பார்த்து, மெல்ல மெல்ல அவரை இறங்கிவர வைத்தாள்.

"மோதிரம் கீதிரம் எல்லாம் உங்க இஷ்டம்மா. எம்மவன் தாலி கட்டணும். அது படத்துல அழகா விழணும்" என்றார் மயிலம்மாள்.

"படம் என் பொறுப்பு, அத்தை" என்று முந்திக்கொண்டான் ராய்ஸ்டன்.

"வெளியாளக் கூப்பிடலாம் லா, அண்ணே" என்று ஆட்ரி தயங்கினாள்.

"எஸ்டேட் சர்ச்சு ஒரே இருட்டு. ஃபாதர் ஃப்ளாஷ் அடிக்க விடமாட்டாரு. வெளியாளு லென்சு தாங்குமா?"

பேச்சில் நியாயம் இருந்தது. இந்த இனத்தார் பேச்சில் எப்போதும் நியாயம் இருக்கும், படம்தான் இருக்காது.

கல்யாணத்தன்று நல்ல மழை. செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன சர்ச் இருண்டு கிடந்தது. ஃபாதர் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தார். பீடத்துப் படியில் மண்டியிட்டிருந்த ராய்ஸ்டன் வளையத்தைத் திருப்பினான். ஆட்ரியின் கழுத்து தெளிந்தது. வசந்தனின் கை குறுக்கே வந்தது. கையைப் பிடித்தான், கழுத்து போயிற்று. வலப்பக்கம் திருப்பினான், தாண்டிவிட்டது. இடப்பக்கம் திருப்பினான், போதவில்லை. அதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

"மச்சான், ஃபோகஸ் கிடைக்கல! அவுத்துட்டு இன்னொரு தடவ கட்டுங்க!"

பாட்டுப் பாட வாயைத் திறந்தவர்கள் திறந்தபடியே இருந்தார்கள்.

"அவுத்துட்டா?" மயிலம்மாள் முதல் பெஞ்சிலிருந்து எழுந்தார். "கட்டின தாலிய அவுக்கறதா? சாமி முன்னால நின்னு பேசற பேச்சாடா இது?"

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அம்மா பின்னால் ஓடுவதா, மனைவி பக்கத்தில் நிற்பதா என்று வசந்தன் தவித்தான். ஆட்ரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ராய்ஸ்டனுக்கு அவள் அந்த வீட்டுக்கு நடந்த நடை முழுவதையும் ஒரே வார்த்தையில் பாழாக்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

நல்ல வேளை, மழை மயிலம்மாளை வாசலோடு நிறுத்தியிருந்தது. ராய்ஸ்டன் கேமராவோடு அங்கே ஓடினான்.

"அத்தை, வாய் தவறிடுச்சு. என்னை அடிங்க, திட்டுங்க. ஆட்ரி மேல கோவப்படாதீங்க."

"படம் விழுந்துச்சா இல்லையா? அதச் சொல்லு."

கேமராத் திரையில் காட்டினான். முதலாவது, கலங்கலாய் ஒரு முழங்கை. அடுத்தது, பெண்ணா பூக்குவியலா என்று தெரியாத ஒரு வெண்மை. மூன்றாவதில் தாலி கட்டும் இருவரும் பனிமூட்டமாய்த் தெரிய, அவர்களின் தோள்களுக்கு நடுவே, முதல் பெஞ்சில், கூப்பிய கையோடு மயிலம்மாள். கன்னத்தில் இறங்கிய கண்ணீர்கூட அத்தனை தெளிவு. அவருக்குப் பின்னால் தூரத்து மெழுகுவத்திகள் பொன் வட்டங்களாய் மிதந்தன.

மயிலம்மாள் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இது நானா?"

"நீங்கதான், அத்தை."

"பெருசாப் போட்டுக் குடு. ஹால்ல மாட்டணும்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். ஆட்ரியின் தலையைத் தடவினார். அன்றைய விருந்தில் கோழிப் பிரட்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதோடு ராய்ஸ்டன் திருந்தினான் என்று நினைக்கிறீர்களா? அந்த இனத்தையே உங்களுக்குத் தெரியவில்லை. பாயசம் வருவதற்குள் மேசைக்கு மேசை போய், "ஒரு தாயோட உணர்ச்சிதான் முக்கியம்னு வேணும்னேதான் அங்க ஃபோகஸ் வெச்சேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஆட்ரி பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்லாம் சரி, அண்ணே. இன்னைக்குக் கல்யாணம் யாருக்கு?"

"உனக்குத்தான் லா."

"அப்ப என் மூஞ்சி தெரியற படம் ஒன்னு காட்டு."

ராய்ஸ்டன் தேடினான். ரொம்ப நேரம் தேடினான். ஆட்ரி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அவளும் வசந்தனும் அடுத்த வாரம் சிரம்பானில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சிரித்தீர்களா? நல்லது. ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு தூரம் படித்துவந்த உங்கள் மனதில், அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் நல்ல படம் கிடைத்ததா என்ற கவலை இருந்ததா, அல்லது அது எந்தக் கம்பெனி லென்ஸ் என்ற கேள்வி இருந்ததா? இரண்டாவதென்றால், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தயவுசெய்து வெளியாளைக் கூப்பிடுங்கள்.