அம்மன் காலடியில் ஒரு நடுத்தீர்ப்பு

என் முதல் வழக்கில் எதிர்த்தரப்பு பெரிதாகச் சிரமப்படவில்லை. நானே குளித்து, விபூதி பூசி, பக்தியோடு தோற்றுக் கொடுத்தேன்.

கட்சிக்காரர் என் தாய்மாமா. பதுளை, நமுனுகுலப் பக்கம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஒப்பந்தம் அவருடையது. தொழிற்சாலை அதைப் பாதியில் முறித்தது. ஒப்பந்தத்தில் இருந்தபடி தகராறு நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடம் போனது. அவர் மாமாவின் சாட்சிகளைக் கூப்பிடாமலே தொழிற்சாலை பக்கம் தீர்ப்பெழுதிவிட்டார்.

"தீர்ப்பு பிழை எண்டு கோர்ட்டிலை சொல்லி வேலையில்லை, பிள்ளை" என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான என் சீனியர். "உங்கட ஆளின்ரை சாட்சியளைக் கேக்கேல்லை எண்டு சொல்லும். தீர்ப்பு கையிலை கிடைச்சு அறுபது நாளுக்குள்ள கொழும்பிலை மனுப் போடவேணும். நடுத்தீர்ப்பின்ரை மூலப்பிரதி கட்டாயம்."

ஐம்பதாம் நாள் மனு தயார். அன்றுதான் தோட்டத்துக் கோயிலில் திருவிழா தொடக்கம். (காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரும் தொழிலாளி போல விதி நேரத்துக்கு வந்து நின்றது.) மூலப்பிரதியை அம்மன் காலடியில் வைக்கப் போனேன்.

"ஒரு போட்டோ கொப்பி எடுத்து வைப்போமா?" என்றார் மாமா.

"கொப்பிக்கு அருள் கிடைக்காது மாமா" என்றேன். சட்டக் கல்லூரி மூளை!

ஐம்பத்தைந்தாம் நாள் மஞ்சள் நீராட்டு. தலை முதல் கால் வரை மஞ்சளாகி, உடை மாற்றிவிட்டுப் பிரதியை எடுக்க வருவதற்குள் கோயிலைச் சாத்திவிட்டார்கள். திருவிழா முடிந்து சாத்திய கதவு எட்டாம் நாள் பூசைக்குத்தான் திறக்கும். நடுத்தீர்ப்பாளரிடம் வேறு பிரதி கேட்கலாமென்றால், அவர் வெளிநாட்டில்.

சாவி யாரிடம் என்று பதறித் திரிந்தேன். திருவிழாத் தலைவரிடம் இருந்தது. தலைவர் என் மாமா.

"தொறங்க மாமா! உங்க லொறி கேஸ் போயிரும்!"

மாமா சாவி இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "போனா போவுது. நாளைக்கு லயத்து வீட்டுல ஒரு புள்ளைக்குக் காய்ச்ச வந்தாலும், நான் கதவத் தொறந்ததாலதான்னு சொல்லுவாங்க. முடியாதும்மா."

அறுபத்து நான்காம் நாள் கொழும்பில் நின்றேன். காலம் கடந்ததென்று மனு தள்ளுபடியானது. மாமாவின் சாட்சிகளைக் கடைசிவரை யாருமே கேட்கவில்லை. "அம்மனையும் எதிர்மனுதாரரா சேர்த்திருக்கலாம்" என்றார் சீனியர். பதுளை வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

மாமாவின் லொறி இப்போது வெலிமடை மரக்கறி ஏற்றுகிறது. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் கதவு சாத்துமுன் ஒலிபெருக்கியைப் பிடிப்பார்: "கோயில் சாத்தப் போறோம். வக்கீலம்மா, உங்க பேப்பர் எதுவும் உள்ள இருக்கா?"

இந்த வருடமும் தோட்டமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.