நாண் ஏன் இளகுது?

உதயரூபன் வில்லின் கைப்பிடியில் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினான். விரல் நுனி நாணைத் தொட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. நாணைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"நேத்துத்தான் முறுக்கி வச்சன்! திரும்பவும் அரைவிரல் இளகிக் கிடக்கு!"

"வாவிக் காத்துத்தான்," என்று குசினியிலிருந்து நிருஷா சொன்னாள். "ஆக்களுக்கே தடிமன் பிடிக்குது. வில்லுக்குப் பிடிக்காதா?"

மனைவியின் பகிடிக்குச் சிரிக்கும் நிலையில் அவன் இல்லை. வாவிக்கரைப் பிள்ளையார் கோயில் வேட்டைத் திருவிழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. சுவாமி வேட்டைக்கு எழுந்தருளும்போது, ஆலமரத்தடியில் கட்டியிருக்கும் வைக்கோல் பன்றியை ஒரே அம்பில் விழுத்துவது மேலவட்டைக் குடியின் உரிமை. அதை உதயரூபனுக்குக் கொடுத்தவர் அவனுடைய அம்மான், தாயின் தம்பி. அவனுக்குப் பிறகு அக்காவின் மகனுக்குப் போகும். குடி தாய்வழியில் போகிற ஊரில் வில்லும் அதே வழியில்தான் போகும்.

சென்ற வருடம் அவனுடைய அம்பு பன்றியை மதிக்காமல் மேலே போய்க் கோயில் ஒலிபெருக்கியைக் குத்தியது. நன்கொடையாளர்களின் பெயர்கள் பாதியில் நின்றன. சனம் அதற்காக அவனை மனதார வாழ்த்தியது. ஆனால் கோயிலை நடத்துகிற வண்ணக்கர் கனகசிங்கம் வாழ்த்தவில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் உரிமை கீழவட்டைக் குடிக்குப் போய்விடும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

உதயரூபனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மான் கட்டிக் காத்த உரிமை தன் கையால் போனது என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அவனால் உயிரோடு இருக்க முடியாது. பகல் முழுக்கப் புளியந்தீவில் காப்புறுதிக் கந்தோர் வேலை. பின்னேரம் வந்து வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்து வாழைக்குற்றியில் அம்பு விட்டுப் பழகுவான். நாண் இளகியிருந்தால் அம்பு போகிற இடம் மாறும், முன்கையிலும் சுள்ளென்று அடிக்கும். நாளுக்கொரு அளவில் நிற்கிற நாணை வைத்து எந்த மனிதனாலும் பழக முடியாது.

முதலில் தேன்மெழுகு பூசினான். ஈரம் இறங்காதாம். மறுநாள் நாண் முழுக்க எறும்பு. எறும்பைத் தட்டிவிட்டுக் கட்டைவிரலை நிமிர்த்தினான். அதே அரைவிரல்.

பிறகு ஏறாவூருக்குப் போய், வலைச் சாமான் விற்கும் அஹமட் காக்காவிடம் முறையிட்டான்.

"சணல் நாண் ஈரம் குடிக்கும் தம்பி," என்றார் அவர். "நைலோன்ல முறுக்கித் தாறன். தோணியக் கட்டி இழுத்தாலும் அசையா."

நைலோன் நாண் வந்தது. மறுநாள் அதுவும் இளகிக் கிடந்தது. போதாக்குறைக்கு, சணலுக்குப் பழகிய விரலுக்கு அது வழுக்கியது. ஒரு அம்பு பக்கத்து வளவுக் கோழிக்கூட்டுக்குள் போய்விட்டது. கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை.

"கூடக் குறைய இளகுதா, ஒரே அளவா?" என்று அஹமட் காக்கா கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் அச்சொட்டா அதே அரைவிரல், காக்கா."

"ஈரத்துக்கு அளவு தெரியா தம்பி. அளவு பாக்கிறது கை. ஆரோ ஒன்ட வில்லத் தொடுறாங்க."

உதயரூபனுக்கு ஆள் யார் என்று உடனே தெரிந்துவிட்டது. கீழவட்டைக் குடியின் தலைவன் கதிர்காமத்தம்பி! எதிர் ஒழுங்கையில் இருந்துகொண்டு, விடிந்தால் இறாலோடு வந்து நிற்பான்.

"தங்கச்சி, நல்ல இறால் கொண்டுவந்திரிக்கன்," என்று நிருஷாவிடம் கொடுத்துவிட்டு, விறாந்தையில் தொங்கும் வில்லைப் பார்ப்பான். "என்ன மச்சான், நாண் சரியா நிக்குதா?"

"நிக்கும், நிக்கும். நீ இறால் விக்கிற வேலையப் பாரு."

அன்றே வில் விறாந்தையிலிருந்து அறைக்குள் போனது. சீதனமாக வந்த அந்த வீட்டைச் சுற்றி உதயரூபன் தன் கையாலேயே முள்ளுக்கம்பி அடித்தான். படலையில் மணி கட்டினான். மணி நாய்க்கு அடித்தது, ஆட்டுக்கு அடித்தது, வேலை முடிந்து வந்த அவனுக்கே அடித்தது. அறைக்குள் இருந்த வில்லில் நாண் அரைவிரல் இளகியிருந்தது. இப்போது அம்பின் இறகுகளும் கசங்கியிருந்தன.

"உள்ளுக்கும் வந்திட்டான்!" என்று தலையில் கை வைத்தான்.

"அப்படியெண்டா என்ட அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டுவம்," என்றாள் நிருஷா. "திறப்பு என்ட இடுப்பில கிடக்கும். எனக்குத் தெரியாம ஒருத்தரும் தொடேலா."

உதயரூபனுக்குக் கண் கலங்கியது. "உன்னப்போல பொஞ்சாதி கிடைக்கக் குடுத்து வச்சிரிக்க வேணும்."

அலுமாரியிலும் நாண் இளகியது. ஒரு நாள் நிருஷா திறப்போடு செங்கலடிச் சந்தைக்குப் போய்விட்டதால், அவனாலேயே பழக முடியவில்லை. அலுமாரியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கிற மகள் ஆர்த்திகா கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அப்பா, நடந்து நடந்து நிலம் தேயப் போகுது."

"உனக்கென்ன தெரியும்? குடி மானம்! அது சரி, விரல் எல்லாம் என்ன பிளாஸ்டர்?"

"லேப்ல கண்ணாடி வெட்டிப்போட்டுது அப்பா."

"கவனமாச் செய் மகள்," என்று சொல்லிவிட்டு மீண்டும் நடக்கத் தொடங்கினான்.

திருவிழா நாள் காலையில் நாணை முறுக்கிச் சரிசெய்தான். கட்டைவிரல் நுனி நாணைத் தொட்டு நின்றது. வில்லை நிருஷாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கோயில் குளத்தில் முழுகப் போனான். வீட்டுப் பெண்கள்தான் வில்லைப் பட்டில் சுற்றிக் கொண்டுவர வேண்டும் என்பது கோயில் முறை. பின்னேரம் தாயும் மகளும் பயபக்தியோடு கொண்டுவந்தார்கள்.

பறை முழங்கியது. ஆலமரத்தடியில் சனம் விலகி நின்றது. உதயரூபன் பட்டை அவிழ்த்து, முஷ்டியை வைத்து, கட்டைவிரலை நிமிர்த்தினான்.

விரல் எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் பொறுங்க, நாண்..."

"சுவாமி வந்திட்டார்! விடு தம்பி!" என்று வண்ணக்கர் கத்தினார்.

விட்டான். நாண் முன்கையில் அறைந்தது. அம்பு பன்றியைத் தாண்டிப் போய்த் தாகசாந்திப் பந்தலில் இருந்த பிளாஸ்டிக் பீப்பாயைத் துளைத்தது. சர்பத் பீறிட்டது. சனம் கோப்பைகளோடு ஓடியது.

"ரெண்டாம் முறையும் போச்சு," என்றார் கனகசிங்கம். "கீழவட்டைக் குடி முன்னுக்கு வரட்டும்!"

உதயரூபன் வில்லைத் தாழ்த்தினான். அம்மானின் முகம் கண்முன் வந்து போனது. கதிர்காமத்தம்பி மீசையைத் தடவிக்கொண்டு வந்து நின்றான்.

"எனக்குக் கண் மங்கல், வண்ணக்கர். எனக்குப் பிறகு என்ட கூடப்பிறந்த தங்கச்சிட பிள்ளைக்குத்தானே உரிமை. அவவே விடட்டும். மகள், வா!"

சனத்துக்குள் இருந்து ஆர்த்திகா வந்தாள்.

உதயரூபன் வாய் பிளந்து நின்றான். கதிர்காமத்தம்பி நிருஷாவின் அண்ணன் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். ஆனால் நிருஷாவும், அவள் பெற்ற பிள்ளையும் கீழவட்டைக் குடி என்பது இந்த ஒரு கிழமையில் அவன் நினைவுக்கு ஒரு தடவையாவது வந்திருந்தால்தானே!

ஆர்த்திகா அப்பாவின் கையிலிருந்து வில்லை வாங்கினாள். நாணை முறுக்கவில்லை. பிளாஸ்டர் ஒட்டிய கையால் கைப்பிடியில் சின்ன முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினாள். விரல் நுனி நாணை அச்சொட்டாகத் தொட்டு நின்றது.

அம்பு போனது. வைக்கோல் பன்றி தலைகீழாக விழுந்தது.

"என்ட மகள்! அது என்ட மகள்!" என்று எல்லோருக்கும் முந்திக் கத்தியவன் உதயரூபன்தான். சந்தோஷத்தில் துள்ளியவன் நடுவில் நின்று தன் கட்டைவிரலைப் பார்த்தான். மகளுடைய விரலை விட அது அரைவிரல் நீளம். மெதுவாகத் திரும்பி நிருஷாவைப் பார்த்தான். அவள் கோயில் கோபுரத்தை இன்றுதான் முதன்முதலில் காண்பவள்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் அலுமாரித் திறப்பு தொங்கியது.

தான் முறுக்கிய நாணைப் பார்க்க வந்திருந்த அஹமட் காக்கா, சர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு அவன் தோளில் தட்டினார்.

"கீழவட்டைக் குடிக்குப் பயந்து வில்ல ஒளிச்சது சரி தம்பி. ஒளிக்கிறத்துக்கு ஒனக்குக் கீழவட்டைக் குடி வூடுதானா கெடச்ச?"